அடி வாங்குவதற்கும் ஜெயிலுக்கு அனுப்புவதற்கும் நடுவில் ஒரு வழி: வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

சென்ற இதழில் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி இரண்டே வரியில் எழுதிய பதில் போதவில்லை என்று பலர் குறைப்பட்டு எழுதியிருந்தார்கள். குறை நியாயமானதுதான். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் என்பதால், இந்தப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயரும் தெருவும் இங்கே இடம்பெறவில்லை.

கேள்வி: என் கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் பாசி எடுக்கப் போவேன். கல்யாணம் ஆகிப் பதினொரு வருடம். குடித்தால் மட்டும் அடிப்பார் என்றில்லை, மீன்பாடு இல்லாத நாளெல்லாம் அடிதான். என் நகையில் எட்டுப் பவுனை அடகு வைத்து, கூட்டாளியோடு சேர்ந்து நாட்டுப்படகுக்கு என்ஜின் வாங்கினார். போன வருடம் காவல் நிலையத்துக்குப் போனேன். "எழுதிக் கொடுத்தால் உள்ளே வைத்துவிடுவோம், அப்புறம் சோற்றுக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனம் இல்லை. அடிக்காமல் இருந்தால் போதும், நகை திரும்ப வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. வழி இருக்கிறதா? (பாம்பன் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: குழந்தையின் நான்கு கோடு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியிருக்கிறீர்கள். அதன் பின்னால் நகைக்கடன் சீட்டின் நகல் ஒன்றைக் குண்டூசியால் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். சங்கிலி ஒன்று, வளையல் இரண்டு, தோடு ஒரு ஜோடி, எடை, தேதி, உங்கள் கணவரின் கையெழுத்து என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கின்றன. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் அதை வைத்து அனுப்பியிருப்பீர்கள். ஆனால், உங்கள் கடிதத்தில் வழக்கறிஞர் ஒருவர் முதலில் கையில் எடுக்கக்கூடிய பக்கம் அதுதான். கல்யாணப் படத்தில் உங்கள் கழுத்திலும் கையிலும் இருக்கும் நகையும் சீட்டில் எழுதியிருக்கும் நகையும் ஒன்றே என்று காட்ட முடிந்தால், அவை உங்கள் சீதனம் என்பதற்கு வேறு பெரிய சாட்சி தேவைப்படாது. மூலச் சீட்டு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் உங்களிடம் சொன்னது ஒரு சட்டத்தைப் பற்றி மட்டுமே. கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. உங்களைப் போல "தண்டனை வேண்டாம், அடி நிற்க வேண்டும், சோறும் கூரையும் நகையும் வேண்டும்" என்று கேட்கிற பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. இதன்படி மனுப் போட்டவுடன் யாரையும் கைது செய்வதில்லை. குடும்ப வன்முறைப் புகாரோடு வரும் பெண்ணுக்கு, இப்படியொரு சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச சட்ட உதவி உண்டு, விரும்பினால் குற்றவியல் புகாரும் கொடுக்கலாம் என்ற நான்கையும் எடுத்துச் சொல்ல வேண்டியது காவல் அதிகாரியின் கடமை என்று அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது சொல்லப்படவில்லை. சோற்றுக்கு வழி என்ன என்று கேட்டவர்கள், அதற்கும் சட்டத்தில் விடை இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நீங்கள் போக வேண்டிய முதல் இடம் இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட சமூகநல அலுவலகம். அங்கே பாதுகாப்பு அலுவலர் யார் என்று கேளுங்கள். இந்தச் சட்டத்துக்கென்றே நியமிக்கப்பட்ட அரசு அலுவலர் அவர். அவரிடம் பேசக் கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்ல அவர் ஒரு படிவத்தை நிரப்புவார். அதற்குக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். எப்போது அடித்தார், எதனால் அடித்தார், என்ன சொல்லித் திட்டினார், எந்த நகையை எடுத்தார், குழந்தைகள் பார்த்தார்களா என்று ஒவ்வொன்றுக்கும் அதில் இடம் உண்டு. கூச்சப்பட்டு எதையும் விழுங்கிவிடாதீர்கள். உடம்பில் பட்ட அடி மட்டும்தான் வன்முறை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இச்சட்டமோ கேவலப்படுத்திப் பேசுவதையும், விருப்பமில்லாத உடலுறவுக்கு வற்புறுத்துவதையும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதையும், சீதன நகையை விற்பதையும் அடகு வைப்பதையும் வன்முறைக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. பாடு இல்லாத நாளின் அடியும் அடகுச் சீட்டும் உங்கள் அறிக்கையில் அடுத்தடுத்து வர வேண்டியவை.

அந்த அறிக்கையோடு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்பு 12ஆம் பிரிவின்படி மனுத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களே செய்யலாம், பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் செய்யலாம், வழக்கறிஞர் வழியாகவும் செய்யலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுத்தாக வேண்டும். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் போக சுமார் 55 கிலோமீட்டர் என்பதால், பாசிக்குப் போகிற நாளை இழக்க முடியாதவர்கள் பக்கத்து நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தாலும் போதும். 15100 என்ற எண்ணில் பேசியும் கேட்கலாம். சட்ட உதவி வழக்கறிஞர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால், அவரை நியமித்த அதே அலுவலகத்தில் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் நீதிமன்றத்துக்கு எந்த நடவடிக்கை என்று தெரியாது. அடிக்கவோ மிரட்டவோ கூடாது, நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து தகராறு செய்யக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். இப்போது இருக்கும் வீட்டிலிருந்து உங்களை வெளியேற்றக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவு கேளுங்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. குழந்தைகளுக்கும் உங்களுக்கும் மாதச் செலவுக்குத் தொகை கேளுங்கள். அடகு நகையை மீட்டு உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அதுவரை அந்த நாட்டுப்படகையும் என்ஜினையும் தம் பங்கு அளவில் அவர் விற்கக் கூடாது என்றும் கேளுங்கள். இந்தக் கடைசி வேண்டுகோளை யாரும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால், உத்தரவு வரும் நாளில் என்ஜின் இன்னொருவர் படகில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூலிக்குப் போகிறவருக்கு வருமானம் இவ்வளவு என்று எப்படிக் காட்டுவது என்ற கேள்வி வரும். கடலில் கிடைப்பதற்குச் சம்பளச் சீட்டு ஏது? சம்மாட்டி (படகு முதலாளி) கொடுத்த முன்பணம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வரவாகும் வங்கிக் கணக்கு, படகில் அவருக்குள்ள பங்கு, இவையெல்லாம் வருமானத்தைக் காட்டும் தடயங்களே. இரு தரப்பும் சொத்தையும் கடனையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே யோசித்து யோசித்துத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நட்டம்தான்.

மனுவை மூன்று நாளுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் அது நீளும். நான் பார்த்த வழக்குகளில் ஓராண்டைத் தாண்டியவையே அதிகம். அதனால் முதல் நாளிலேயே 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேட்டு, அதற்கான பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறி அவர் கை நீட்டினால்தான் சிறை என்ற பேச்சே எழும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போது காவல் துறை பிடி உத்தரவு இல்லாமலே கைது செய்யலாம். சிறைக் கதவின் சாவி உங்கள் கணவர் கையிலேயே இருக்கிறது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குப் பல வீடுகளில் இந்த ஒரு உத்தரவே போதுமானதாக இருந்திருக்கிறது. எல்லா வீடுகளிலும் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாமல், யார் அடித்தது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். விபத்துப் பதிவேட்டின் நகல், ஊரில் "ஏ.ஆர். காப்பி" என்று சொல்வார்களே அது, பின்னால் உதவும். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். இரவில் உயிருக்கே ஆபத்து என்றால் 112. எங்கே போவது என்று தெரியாத நிலையில் 181. பெண்களுக்கான இந்த 181 உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அவர்கள் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவார்கள். அந்த மையத்தில் சில நாள் தங்கவும், மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை நான்கையும் ஒரே இடத்தில் பெறவும் வசதி உண்டு.

கேள்வி: கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் மாமியார் வீட்டில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள். எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று முறை தலாக் என்று குரல் பதிவு அனுப்பிவிட்டார். "இனி உனக்கு இங்கே என்ன வேலை?" என்கிறார் மாமியார், வீடு அவர் பெயரில் இருக்கிறது. கொழுந்தன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார். எங்கள் ஜமாஅத்தில் பேசலாம் என்கிறார்கள். (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்தக் குரல் பதிவை அழித்துவிடாதீர்கள், உங்கள் கைப்பேசி தொலைந்தாலும் இருக்கும்படி, நம்பிக்கையான ஒருவருடைய கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள். அது உங்களுக்கு எதிரான சாட்சி அல்ல, உங்கள் கணவருக்கு எதிரான சாட்சி. 2019ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் திருமண உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, வாயால் சொன்னாலும் எழுதினாலும் மின்னணு வழியில் அனுப்பினாலும், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது. சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆகவே இன்றைய தேதியில் நீங்கள் அவருடைய மனைவிதான். குடும்ப வன்முறைச் சட்டமும் எந்த மதத்தவருக்கும் பொருந்தும்.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கும் வழக்கம் இருப்பதால், அந்த ஊர்ப் பெண்ணாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. நீங்கள் வெளியூரிலிருந்து வாழ வந்தவர் என்பது கடிதத்தில் தெரிகிறது. மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறு என்று ஒதுக்கப்பட்டு, கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழும் வீடுதான் என்று முடிவாகிவிட்டது. மாமியாரை வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. அப்படி ஓர் உத்தரவைப் பெண்களுக்கு எதிராகப் போட சட்டத்தில் இடமில்லை. ஆனால் அவர் உங்களை வெளியேற்றுவதைத் தடுக்கலாம், கொழுந்தனையும் எதிர்மனுதாரராகச் சேர்த்து மின் இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம். அங்கே இருப்பது ஆபத்து என்றால், அதே தரத்தில் வேறு வீட்டுக்கு வாடகை கேட்கவும் செய்யலாம்.

வெளிநாட்டில் இருப்பவரை எப்படி நீதிமன்றத்துக்கு இழுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடினம்தான். அழைப்பாணை போய்ச் சேர்வதற்கே மாதங்கள் ஆகலாம். ஆனால் அவர் வராவிட்டாலும் உங்கள் பிரமாணப் பத்திரத்தை வைத்து ஒருதலைப்பட்சமாக இடைக்கால உத்தரவு போட நடுவருக்கு அதிகாரம் உண்டு. அவருக்கு இங்கே வங்கிக் கணக்கு, லாக்கர், மனை எதுவாக இருந்தாலும் விவரத்தைச் சேகரித்து, அவற்றை அவர் கைமாற்றக் கூடாது என்று தடை கேளுங்கள். வளைகுடாவில் உள்ள மனிதரை விட, கீழக்கரை வங்கிக் கிளையில் உள்ள கணக்கு நீதிமன்றத்துக்குச் சுலபமாக எட்டும். மாத ஜீவனாம்சத்துக்குத் தனியாகப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில், அதாவது பழைய 125ஆம் பிரிவில், மனுப் போடலாம். முஸ்லிம் பெண்களும், மணவிலக்கு ஆனவர்கள் உட்பட, அதில் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

ஜமாஅத்தில் பேசுவதை நான் தடுக்கவில்லை. பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் மாமியார் கேட்கக்கூடும். பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனு ஒரு பக்கம் நடக்கட்டும். பேச்சு முடியட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஒரு பெண்ணை அவள் புருஷன் இரவில் அடிக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. நான் புகார் சொன்னால் என் மேல் வழக்கு வருமா? (தேவிபட்டினத்திலிருந்து ஒரு குழுத் தலைவி)

பதில்: வராது. குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ வராது என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. அலறல் கேட்கும் நேரத்தில் யோசிக்காமல் 112ஐக் கூப்பிடுங்கள். மற்ற நேரத்தில் முதலில் அவளிடம் கேளுங்கள், ஆனால் அவள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அதை அவன் பார்ப்பான். குழுக் கூட்டத்துக்கு வரும் நாளில், கணக்கு நோட்டைச் சாக்காக வைத்துத் தனியே பத்து நிமிடம் பேசுங்கள். அவளுடைய ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை உங்கள் வீட்டில் ஒரு பையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தீர்களானால், நான் எழுதும் பத்துப் பக்கத்தை விட அது பெரிய உதவி.

கேள்வி: திருப்பூரில் கணவரோடு இருந்தேன். அடி பொறுக்காமல் மூன்று வயதுப் பிள்ளையோடு தொண்டியில் அம்மா வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. படிப்புச் சான்றிதழ் எல்லாம் அங்கேயே இருக்கிறது. வழக்குப் போட வேண்டுமென்றால் திருப்பூருக்குத்தான் போக வேண்டும் என்கிறார்கள். கணவர் கடைசியாக அடித்தது போன வருடம் என்பதால் காலம் கடந்துவிட்டதா? (தொண்டியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போக வேண்டாம். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆதாரில் திருப்பூர் முகவரி இருப்பது ஒரு தடையே அல்ல. தொண்டி திருவாடானை வட்டத்தில் வருவதால் அங்குள்ள நீதிமன்றத்தை அணுகுங்கள். குற்றவியல் புகாருக்கும் இதே நிலைதான். கொடுமை தாங்காமல் அடைக்கலம் தேடி வந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கே நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுவிட்டது. "எங்கள் எல்லை இல்லை" என்று எந்த நிலையமும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

காலம் கடக்கவில்லை. 12ஆம் பிரிவு மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்பதை 2022இல் காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. சான்றிதழ்களையும் உங்கள் உடைமைகளையும் ஒப்படைக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். தனியாகவோ தம்பியை அழைத்துக்கொண்டோ எடுத்து வரப் போகாதீர்கள். வாசலில் நடக்கும் கைகலப்பு உங்கள் தம்பி மேல் வழக்காகத் திரும்பி, பிறகு "இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்வோம்" என்ற பேரத்தில் போய் முடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிள்ளை உங்களோடு இருப்பதற்கும் 21ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு பெற்றுக்கொள்ளுங்கள். அவர் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகு கேட்பதை விட இது எளிது.

கேள்வி: என் மகளை மருமகன் அடித்து மண்டை உடைந்து ஏழு தையல் போட்டிருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசி, "இனி நடக்காது, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக மாட்டோம்" என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதத்தில் மறுபடி அடி. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் எங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அந்தப் பத்திரம் கோர்ட்டில் செல்லுமா? (சாயல்குடி அருகிலிருந்து ஒரு தகப்பன்)

பதில்: ஐயா, நீதிமன்றத்துக்குப் போக மாட்டேன் என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதாலேயே அவருடைய உரிமை போய்விடாது, அந்த வரியைச் சட்டம் மதிக்காது. ஆனால் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். முத்திரைத்தாளின் இரண்டாவது பத்தியில், தம் மனைவியை அடித்ததை ஒப்புக்கொண்டு மருமகன் கையெழுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாய் திறந்து பேச வேண்டியவர்கள் வாயை மூடிவைக்க எழுதிய தாளே இப்போது உங்கள் மகளுக்குச் சாட்சியாக நிற்கிறது. அதன் நகல், தையல் போட்ட மருத்துவமனைச் சீட்டு, கூட்டத்தில் இருந்த யாராவது ஒருவரின் பெயர், இந்த மூன்றும் மனுவோடு போகட்டும்.

ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நடுக்கடலில் படகு நின்றால் முதலில் போய் இழுத்து வருகிறவர்கள் அவர்கள்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மண்டை உடைந்த விவகாரம் சமரசத்துக்கு உரியதல்ல. சமரசமே வேண்டுமென்றால், அதை நீதிமன்றத்துக்குள் செய்யலாம். மனு நிலுவையில் இருக்கும்போதே நடுவர் இரு தரப்பையும் ஆலோசனைக்கு அனுப்பலாம். மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான வலு உண்டு. அதை மீறினால் நிறைவேற்று மனுப் போடலாம். இருபது ரூபாய் பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்தில் போய் நிறைவேற்றச் சொல்வீர்கள்? ஊரை விட்டு ஒதுக்கிவைப்போம் என்று யாராவது சொன்னால், சொன்னவர், சொன்ன நாள், கேட்டவர் என்று குறித்து வைத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும், கூடவே காவல் கண்காணிப்பாளரிடமும் எழுதிக் கொடுங்கள். புகார் உங்கள் பெயரில் இருக்கட்டும், மகள் பெயரில் வேண்டாம். அவள் தன் வழக்கை மட்டும் பார்க்கட்டும்.

இன்னொன்று. "எப்படியாவது அவளைச் சேர்த்து வைத்துவிட வேண்டும்" என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது மகளின் விருப்பமா, உங்கள் விருப்பமா என்று அவளைத் தனியே உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, அதன் பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 64. கணவர் இல்லை. மகன் குடித்துவிட்டு வந்து என் முதியோர் பணத்தைப் பிடுங்குகிறான், தள்ளிவிடுகிறான். புருஷன் அடித்தால்தான் இந்தச் சட்டமா? (மண்டபத்திலிருந்து, பேத்தி எழுதிக் கொடுத்தது)

பதில்: இல்லை, அம்மா. ஒரே வீட்டில் இரத்த உறவிலோ திருமண உறவிலோ சேர்ந்து வாழும் எந்தப் பெண்ணும் கேட்கலாம். தாயும் உடன்பிறந்தாளும் விதவை மருமகளும் இதில் அடக்கம். மகன் உங்களை அடிக்கக் கூடாது என்றும், தேவைப்பட்டால் அவன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றும் நடுவர் உத்தரவிட முடியும். உங்களுக்கு அறுபது வயது கடந்துவிட்டதால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரை மகன் தர வேண்டும் என்று அவர் உத்தரவிடலாம். மண்டபம் இராமநாதபுரம் கோட்டத்தில் வருகிறது. வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும்; பேத்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மனுவையும் அவளையே எழுதச் சொல்லுங்கள். முதியோர் உதவித்தொகை வரவாகும் வங்கிப் புத்தகத்தை மட்டும் இன்றே அவளிடம் கொடுத்து வையுங்கள்.